செல்லுக்குள்ள மூணு ஏக்கரா

விளையாட்டு என்பது வயிறு நிறைந்தவன் சமாச்சாரம் என்றுதான் எங்கள் வளவில் ரொம்பக் காலமாகச் சொல்லி வந்தார்கள். என் தாத்தா பண்ணையத்தில் இருந்தவர். விடியக்காலம் கட்டுத்தரையில் சாணி வழிப்பதில் தொடங்கி, ராத்திரி மாட்டுக்குத் தட்டுப் போட்டுவிட்டுத் திரும்புகிற வரைக்கும் அவருடைய பொழுது பண்ணாடியின் பொழுது. ‘பொழுது போகல’ என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து ஒருத்தரும் கேட்டதில்லை. போக்குவதற்குத் தன் பொழுது என்று ஒன்று இருந்தால்தானே? அதனால், ‘சேரிப் பசங்க செல்லுலயே கெடக்கறாங்க, கெட்டுப்போயிட்டாங்க’ என்று யாராவது தலையில் அடித்துக்கொண்டால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான்: மூன்று தலைமுறைக்குப் பிறகு எங்கள் ஆட்களுக்குத் தங்கள் பொழுது என்று தினம் ஒரு மணி நேரமாவது கிடைத்திருக்கிறது. அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்று கேட்காமலே தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை.

கேட்டுப் பார்த்தேன். கேட்பதற்கு எனக்குத் தோதான இடம் ஒன்று இருக்கிறது. தாராபுரத்துக்குத் தெற்கே அமராவதிக் கரையோரம் எங்கள் ஊர். வேலை திருப்பூரில், பனியன் கம்பெனியில், ஓவர்லாக் டெய்லர். ஐம்பது கிலோமீட்டர் பக்கம் இருக்கும். காலையில் ஏழு மணிக்குக் கம்பெனி வேன் வரும். எட்டரைக்கு உள்ளே போனால் ராத்திரி எட்டரை வரைக்கும், ஒன்றரை ஷிப்ட். வீடு வந்து சேரப் பத்து ஆகும். போகவர மூன்று மணி நேரம் அந்த வேனுக்குள்தான் எங்களுக்குச் சொந்தப் பொழுது. இருபது பேர் இருந்தால் பதினைந்து தலை குனிந்திருக்கும். முன்பெல்லாம் தூங்குவார்கள். இப்போது செல்லு.

‘என்ன விளையாடறீங்க, ஏன் அதை விளையாடறீங்க’ என்று நாலைந்து மாதமாக ஒவ்வொருத்தராகக் கேட்டு வந்தேன். முதலில் சிரித்தார்கள். ‘டெய்லரண்ணன் கணக்கெடுக்கறாரு, ஏதோ நெவாரணம் வரப்போவுதுங்கோ’ என்றாள் பிசிறு வெட்டுகிற பிள்ளை ஒருத்தி. அப்புறம் சொல்ல ஆரம்பித்தார்கள். சொல்லச் சொல்ல, இது பொழுதுபோக்குச் சமாச்சாரம் மட்டும் இல்லை என்று எனக்குப் பட்டது.

அதற்கு முன்னால், எங்கள் காலத்தில் விளையாட்டு எங்கே இருந்தது என்று சொல்லியாக வேண்டும்.

ஊருக்குள் கோயில் மேடையில் தாயக்கட்டமும் ஆடுபுலிக் கட்டமும் கல்லிலேயே கொத்தி வைத்திருக்கும். அந்த மேடையில் நாங்கள் ஏற முடியாது. தள்ளி நின்று பார்க்கலாம், அதுவும் வேலையாகப் போகிற மாதிரி. நாங்கள் ஆடு மேய்க்கிற பாறையில் கரித்துண்டில் கட்டம் போட்டு எங்களுக்குள் ஆடிக்கொண்டோம். மழை வந்தால் கட்டம் அழிந்துவிடும். அவர்களுடையது கல்லில் இருந்தது, எங்களுடையது கரியில் இருந்தது. பிற்பாடு கிரிக்கெட் வந்தது. ஆள் பற்றாதபோது எங்களைக் கூப்பிடுவார்கள். வேலிமுள் ஓரம் நிற்க வேண்டும். பந்து முள்ளுக்குள்ளோ கிணற்றுக்குள்ளோ விழுந்தால் எடுத்து வருவது எங்கள் வேலை. மட்டை எங்கள் கைக்கு வருகிற நேரம் பார்த்து, ‘நேரமாச்சு, நாளைக்குப் பாத்துக்கலாம்’ என்பார்கள். அந்த நாளைக்கு வந்ததே இல்லை. கபடி என்றால் கேட்கவே வேண்டாம். தொடுவதுதான் அந்த ஆட்டமே. தொடக் கூடாது என்று வைத்திருக்கிறவன் நம்மோடு எப்படி ஆடுவான்?

தொண்ணூறுகளின் நடுவில், நான் கைமடியாக வேலைக்குச் சேர்ந்த சமயம், தாராபுரத்தில் ஒரு சந்துக்குள் வீடியோ கேம் கடை ஒன்று வந்தது. டிவிப் பெட்டியில் மாட்டி ஆடுகிற ஆட்டம். அரைமணிக்கு அஞ்சு ரூபாய். சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் ஞாயிற்றுக்கிழமை அங்கேதான். மாரியோ, கான்ட்ரா. கான்ட்ராவை இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம். பக்கத்தில் உட்காருகிறவன் யார், எந்தத் தெரு என்று தெரியாது. காசு கொடுத்தவனெல்லாம் பெஞ்சில் உட்காரலாம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் டீக்கடையில் எங்களுக்குத் தனி டம்ளர். அந்த டம்ளரை நாங்களே கழுவி வைக்க வேண்டும். ஆனால் இந்தக் கடையில் கவுண்டர் வீட்டுப் பையன் அமுக்கிய பட்டனை அடுத்த நிமிடம் நான் அமுக்குவேன். கையில் வேர்வை ஈரம்கூடக் காய்ந்திருக்காது. தீட்டுக் கழிக்க அங்கே ஒருத்தரும் தண்ணீர் தெளிக்கவில்லை. அந்த ஆட்டத்தில் நான் ஜெயித்தது எத்தனை, தோற்றது எத்தனை என்று நினைவில்லை. அந்தப் பட்டன் நினைவிருக்கிறது.

இன்னொன்றும் நினைவிருக்கிறது. கான்ட்ராவில் அருவி மேல் ஏறுகிற கட்டம் ஒன்று வரும். இரண்டு பேரில் ஒருத்தன் வேகமாக மேலே ஏறிவிட்டால் திரையும் அவனோடு மேலே போய்விடும். கீழே நிற்கிறவன் திரைக்கு வெளியே போய்ச் செத்துப்போவான். எதிரி சுட வேண்டியதில்லை. கூட வந்தவன் திரும்பிப் பார்க்காமல் ஏறினாலே போதும். படித்து, உத்தியோகம் வாங்கி, வளவுப் பக்கமே வராமல் போன நம் ஆட்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த அருவிதான் ஞாபகம் வரும்.

செல்போன் ஆட்டம் எங்கள் வளவுக்கு இரண்டு தவணையாக வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து நெட்டு மலிந்தபோது ஒரு தவணை. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டு, பள்ளிக்கூடத்தை மூடி, செல்லில் பாடம் என்று சொன்னபோது இரண்டாம் தவணை. தோட்டு மூக்குத்தியை அடகு வைத்துச் செல்லு வாங்கின வீடுகள் எங்கள் வளவில் உண்டு. பாடம் எத்தனை நாள் வந்தது என்பது வேறு கதை. 2021 நவம்பர் 1ஆம் தேதி சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திரும்பத் திறந்தபோது, பாடம் மறந்திருந்தது, ஆட்டம் பழகியிருந்தது. இதில் பிள்ளைகளைத் திட்டி என்ன ஆகப்போகிறது? ஒன்றரை வருஷத்துக்கு மேல் அவர்களோடு இருந்தது அது ஒன்றுதான்.

இனி ஆட்டங்களுக்கு வருகிறேன்.

என் அக்கா பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள். ஐம்பது வயசு. கல்யாணமாகி வந்த நாள் முதல் கூலிக்காட்டு வேலை பார்த்தவள். மூலனூர்ப் பக்கம் முருங்கை பறிப்பு, வெங்காயம் பிடுங்குவது, மக்காச்சோளம் ஒடிப்பது என்று எல்லாம் தெரியும். சொந்தமாக ஒரு செண்டு நிலம் கிடையாது. அவள் செல்லில் ஆடுவது ஹே டே என்கிற ஆட்டம். பின்லாந்து தேசத்துக் கம்பெனி ஒன்று 2012இல் விட்டது. அதில் நமக்கென்று ஒரு பண்ணை கொடுப்பார்கள். கோதுமை விதைத்தால் இரண்டு நிமிடத்தில் விளையும், மக்காச்சோளம் ஐந்து நிமிடத்தில். கோழி, மாடு, பால், முட்டை எல்லாம் உண்டு. விளைந்ததை லாரியில் ஏற்றி விற்கலாம். விலை நாமே வைக்கிற கடையும் உண்டு.

‘ஏனக்கா, பகலெல்லாம் காட்டுல கெடந்து சலிச்சவ, செல்லுலயுமா காட்டு வேலை?’ என்று கேட்டேன்.

‘அது ஊரான் காடு தம்பி. இது என்ற காடு’ என்றாள்.

அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளே சொன்னாள். ‘நம்மூர்க் கணக்குல மூணு ஏக்கரா இருக்கும்னு வெச்சுக்கோயேன். இன்னும் கொஞ்சம் சேத்தலாம். ஆனாப் பத்திரம் கெடைக்க மாட்டேங்குது.’

பத்திரமா என்று வாங்கிப் பார்த்தேன். நிஜம்தான். அந்த ஆட்டத்தில் நிலத்தை விரிக்க வேண்டுமென்றால் மூன்று சாமான் சேர வேண்டும். நிலப் பத்திரம், ஒரு சுத்தியல், எல்லைக்கு அடிக்கிற முளைக்குச்சி. மூன்றும் லேசில் கிடைக்காது. நாள் கணக்கில் அறுத்து, விற்று, காத்திருந்தால் ஒன்று ஒன்றாக வரும். அக்காவிடம் சுத்தியல் நிறைய இருந்தது. முளைக்குச்சியும் இருந்தது. பத்திரம்தான் இல்லை. பின்லாந்துக்காரனுக்கு எங்கள் கதை எப்படித் தெரிந்தது என்று நினைத்துக்கொண்டேன். சுத்தியல் பிடிக்கிற வேலை எங்களுக்கு எப்போதும் இருந்தது. ஊரான் காட்டுக்கு எல்லை முளை அடித்ததும் நாங்கள்தான். பத்திரம் மட்டும்தான் எங்கள் கைக்கு வந்ததில்லை.

1892இல் வெள்ளைக்காரன் சர்க்கார், செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையைப் பார்த்து, எங்கள் மக்களுக்கென்று நிலம் ஒதுக்கியது. பஞ்சமி நிலம் என்கிறோமே, அது. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதற்கப்புறமும் எங்கள் மக்களைத் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்று நிபந்தனை. காகிதத்தில் நிபந்தனை அப்படியே இருக்க, நிலம் எங்கெங்கோ போய்விட்டது. அந்த நிலத்தைக் கேட்டு 1994இல் செங்கல்பட்டில் ஊர்வலம் போனவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிரும் போனது. அக்காவுக்கு இந்த வரலாறெல்லாம் தெரியாது. வீட்டுமனைப் பட்டாவுக்கு மூன்று தடவை மனுக் கொடுத்தது தெரியும். ‘செல்லுல காத்திருந்தாப் பத்திரம் எப்பாச்சும் ஒண்ணு வருது தம்பி. மனுக் குடுக்கற எடத்துல ரசீதுதான் வருது’ என்று சொல்லிச் சிரித்தாள். வேனில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்து, எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில் ஏழு வயசுப் பிள்ளை. அது ஆடுவது சப்வே சர்பர்ஸ். டென்மார்க்குக்காரர்கள் 2012இல் செய்தது. ரயில் பாதையில் ஒரு பையன் ஓடிக்கொண்டே இருப்பான். பின்னால் ஒரு அதிகாரி நாயோடு துரத்துவார். எதிரில் ரயில் வரும், தாண்ட வேண்டும். ‘எதுக்குக் கண்ணு அவனைத் தொரத்தறாங்க?’ என்று கேட்டேன். ‘செவுத்துல எழுதிப்போட்டான் மாமா, அதுக்கு’ என்றது பிள்ளை. உண்மைதான். ஆட்டம் தொடங்கும்போது பாருங்கள், அந்தப் பையன் வண்ணம் பீச்சி எழுதிக்கொண்டிருப்பான்.

சுவரில் எழுதினதற்குத் துரத்துவது எங்களுக்குப் புதுசு இல்லை. ஏப்ரல் 14க்கு அம்பேத்கர் படம் எழுதச் சுவர் தேடி எங்கள் பையன்கள் ராத்திரி அலைந்த வருஷம் உண்டு. எழுதின சுவரில் விடிவதற்குள் சாணி அடித்திருந்த வருஷமும் உண்டு. எழுதினவன் ஒரு வாரம் சொந்தக்காரர் வீட்டில் போய் இருந்தான். இதையெல்லாம் அந்தப் பிள்ளையிடம் சொல்லவில்லை. ‘இந்த ஆட்டத்துல எப்ப ஜெயிப்பே?’ என்று மட்டும் கேட்டேன். ‘இதுல ஜெயிக்கறதே கெடையாது மாமா. புடிக்கற வரைக்கும் ஓடணும். ரொம்ப தூரம் ஓடினா மார்க்கு’ என்றது. ஏழு வயசுப் பிள்ளை சொன்ன விளக்கம் இது.

இப்போது அக்கா மகன் கதை. பதினேழு வயசு. ஆடுவது ப்ரீ பயர். வளவில் பத்துப் பையன்களில் எட்டுப் பேர் அதுதான். சிங்கப்பூர்க் கம்பெனி ஒன்று 2017இல் விட்ட ஆட்டம். ஐம்பது பேர் ஒரு விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிப்பார்கள். குதிக்கும்போது எல்லார் கையும் வெறுங்கை. இறங்கிய இடத்தில் கிடக்கிற துப்பாக்கியை எடுத்துக்கொண்டு சண்டை போட வேண்டும். வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். கடைசியில் நிற்கிறவன் ஜெயித்தவன். பத்து, பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

பப்ஜி என்று இதே மாதிரி இன்னொன்று. அதை 2020 செப்டம்பரில், சீன எல்லைத் தகராறு நடந்துகொண்டிருந்த சமயத்தில், அரசாங்கம் தடை செய்தது. பிறகு அதுவே வேறு பெயரில் வந்து, திரும்பத் தடைபட்டு, 2023இல் திரும்ப வந்தது. ப்ரீ பயரையும் 2022 பிப்ரவரியில் தடை செய்தார்கள். ஆனால் அதன் மேக்ஸ் என்கிற வடிவம் தப்பித்துக்கொண்டது. பையன்கள் அதற்குள் போய்விட்டார்கள். பப்ஜி ஆட நல்ல செல்லு வேண்டும். ப்ரீ பயர் மலிவு செல்லிலும் ஓடும். அதனாலேயே பப்ஜி ஆடுகிறவன் ப்ரீ பயர் ஆடுகிறவனை இளக்காரமாகப் பேசுவான், ஏழைகளின் பப்ஜி என்பான். ஆட்டத்திலும் ஊருக்கும் சேரிக்கும் இடையில் ஒரு ஓடை வந்துவிட்டது பாருங்கள். போதாததற்கு அதில் வைரம் என்று ஒரு காசு உண்டு. நிஜக் காசு கொடுத்து வாங்க வேண்டும். வைரம் உள்ளவன் வாங்குகிற துப்பாக்கிக்கு மேல்பூச்சு மட்டுமில்லை, வீரியமும் கூடும். வெறுங்கையோடு குதிக்கிறார்கள் என்று சொன்னேனே, அதுவும் முழு உண்மை இல்லை.

இருந்தாலும் பையன் சொன்னான்: ‘மாமா, அதுல நம்ம பேரை நாமளே வெச்சுக்கலாம்.’ அதைவிடப் பெரிய காரணம் வேண்டாம். எங்கள் தாத்தாக்களின் பெயரை முழுசாகச் சொல்லி ஊரில் யாரும் கூப்பிட்டதில்லை. எழுபது வயசுக் கிழவனை எட்டு வயசுப் பொடியன் வாடா போடா என்று கூப்பிட்ட ஊர் இது.

நாலு பேர் சேர்ந்து ஒரு அணியாக ஆடுவார்கள். இவனோடு சேர்ந்த மூன்று பேரும் நேரில் பார்க்காதவர்கள். காங்கயத்துப் பக்கம் ஒருத்தன், வெள்ளக்கோவில் பக்கம் ஒருத்தன், பல்லடத்துக்காரன் ஒருத்தன். ஐந்து மாதம் தினம் ராத்திரி ஆடினார்கள். மாப்ளே, பங்காளி என்றுதான் பேச்சு. இவன் நன்றாகச் சுடுவான். அந்த ஆட்டத்தில் அடிபட்டு விழுந்தவன் உடனே சாவதில்லை, தவழ்ந்துகொண்டிருப்பான். கூட்டாளி பக்கத்தில் வந்து கொஞ்ச நேரம் நின்று தூக்கிவிட்டால் பிழைத்துக்கொள்வான். ஐந்து மாதத்தில் இவன் அவர்களை எத்தனை நூறு தடவை தூக்கிவிட்டிருப்பான் என்று கணக்கில்லை.

ஒருநாள் ராத்திரி மைக் போட்டுப் பேசிக்கொண்டே ஆடிக்கொண்டிருக்கிறான். பின்னால் அக்கா சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள். எங்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு. ‘ரேய், கூடு தின ராரா’ என்றிருக்கிறாள். மைக் அதையும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது.

‘உங்கூட்டுல தெலுங்கா பேசறீங்க?’

‘ஆமா.’

‘நாயக்கரா நீங்க?’

இவன் பேசவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. அந்த ஒரு நிமிட மௌனம் போதுமானதாக இருந்தது. அடுத்த கேள்வி, ‘எந்த வளவு?’ அதற்கப்புறம் மூன்று பேரும் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். ஆட்டம் நடந்துகொண்டுதான் இருந்தது.

‘கொஞ்ச நேரத்துல நான் அடிபட்டு வுழுந்துட்டேன் மாமா. மூணு பேரும் பக்கத்துலயேதான் நின்னாங்க. எதிரி யாருமே இல்ல. ஒருத்தனும் வந்து தூக்கல. நான் தவந்துக்கிட்டே கெடந்து செத்துட்டேன்.’

மறுநாள் கூட்டத்திலிருந்து இவனை எடுத்துவிட்டார்கள்.

பொம்மை. திரையில் ஓடுகிற பொம்மை. அதைத் தொட்டால் யாருக்கும் ஒட்டாது, யாருக்கும் தீட்டில்லை. கைகூடப் படாது, கண்ணாடிமேல் விரல்தான் படும். அப்படியும் தொடவில்லை. தீண்டாமைக்கு உடம்பு தேவையில்லை என்று அன்றைக்குத்தான் அந்தப் பையனுக்குத் தெரிந்தது. நான் வேலை பார்த்து, ஊர் பார்த்து நாற்பது வயசில் தெரிந்துகொண்டதை அவன் பதினேழில், பத்து நிமிட ஆட்டத்தில் தெரிந்துகொண்டான். ஆட்டத்தைச் செய்தவன் சாதியை உள்ளே வைக்கவில்லை. ஆடுகிறவன் காதில் வைத்துக்கொண்டு வருகிறான்.

அவன் ஆட்டத்தை விடவில்லை. வளவுப் பையன் இரண்டு பேர், எதுவும் கேட்காத வெளியூர்க்காரன் ஒருத்தன் என்று புதுசாகச் சேர்த்துக்கொண்டான். கூட்டத்தின் பெயரில் 14 என்று எண் போட்டிருக்கிறான். ‘என்ன பதினாலுன்னு கேப்பானுங்க. கேக்கட்டும். இப்பவே சொல்லிப்போடலாம்’ என்கிறான். மைக்கை மூடுவதில்லை. அக்கா சத்தமாகவே கூப்பிடுகிறாள்.

பெண்பிள்ளைகளுக்கு இந்த மைக் இன்னொரு விதமான ஆபத்து. வேனில் வருகிற பிள்ளை ஒருத்தி ப்ரீ பயர் ஆடுகிறாள். ஆண் பெயர் வைத்திருக்கிறாள், மைக்கைத் திறப்பதே இல்லை. குரல் கேட்டால் அவ்வளவுதான், காது கொடுத்துக் கேட்க முடியாது என்கிறாள். பப்ஜி ஆடிக்கொண்டே பெண்களை ஆபாசமாகப் பேசினார் என்ற புகாரில் யூடியூபில் பேர்பெற்ற மதன் என்பவரை 2021 ஜூனில் தர்மபுரியில் பிடித்தார்கள். அதை லட்சக்கணக்கில் உட்கார்ந்து கேட்டவர்கள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நூல்மில் விடுதியில் இருக்கிற எங்கள் சொந்தக்காரப் பிள்ளைக்கோ அந்தப் பாக்கியமும் கிடையாது. செல்லை வார்டன் வாங்கி வைத்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கொடுப்பார். ஐம்பது நிமிடம் வீட்டுக்குப் பேசுவாளாம். மிச்சப் பத்து நிமிடம் லூடோ. நம் தாயத்தைப் போலக் காய் நகர்த்தி ஆடுகிறதுதான். ‘அந்தப் பத்து நிமிசம் எனக்கு மாமா. அதுல ஒருத்தரும் பேசக்கூடாது’ என்றாள்.

இவ்வளவையும் நான் விளையாட்டு என்று ஒத்துக்கொள்வேன். ஒத்துக்கொள்ளாதது ஒன்று இருக்கிறது, ரம்மி. எங்கள் கம்பெனியில் அயர்ன் பார்த்த ஒருத்தர், சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் திங்கட்கிழமை டீக்குக் கடன் கேட்பார். மற்ற ஆட்டமெல்லாம் தூக்கத்தைத் தின்னும். இது அரிசியைத் தின்றது. கடைசியில் அவர் குடும்பத்தோடு ஊரைவிட்டே போய்விட்டார், கந்துக்காரனுக்குப் பயந்து.

தமிழ்நாடு அரசு 2022இல் இதைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தது. ஆளுநர் திருப்பி அனுப்பி, சட்டமன்றம் திரும்பவும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. அதே வருஷம் நவம்பரில் உயர்நீதிமன்றம் ரம்மிக்கு இருந்த தடையை எடுத்துவிட்டது. ரம்மி அதிர்ஷ்டம் இல்லை, திறமை ஆட்டம் என்பது காரணம். 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடுகிற இணைய ஆட்டம் எல்லாவற்றையும் தடை செய்து சட்டம் போட்டது.

அந்தத் ‘திறமை’ என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. இடஒதுக்கீடு என்று நாம் வாய் திறந்தால் தகுதி, திறமை என்பார்கள். அந்த வார்த்தையைச் சொல்லித்தான் எங்களை வாசலிலேயே நிறுத்தினார்கள். ரம்மிக் கம்பெனிக்காரன் அதே வார்த்தையைச் சொல்லி, ‘உனக்குத் திறமை இருக்குது, உள்ளே வா’ என்று கூப்பிட்டான். படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் இல்லாத திறமை, சம்பளத்தைத் தோற்பதற்கு மட்டும் எங்களுக்கு இருந்ததாம்.

முடிவாக என்ன சொல்கிறேன்? செல்லைப் பிடுங்கு என்று சொல்லவில்லை. ஆடு, ஆடிக்கொண்டே இரு என்றும் சொல்லவில்லை. ஓய்வு என்பது எங்களுக்குப் பிச்சையாக வந்தது இல்லை. 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்த அம்பேத்கர்தான், ஆலை வேலையை வாரத்துக்கு 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கிற திருத்தத்தைக் கொண்டுவந்தவர். காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன என்று 1945இல் எழுதிய புத்தகத்தில் ஓய்வைப் பற்றியே தனியாக வாதாடியிருக்கிறார். இயந்திரம் வேண்டாம் என்று காந்தி சொன்னதை அவர் எதிர்த்ததற்கு ஒரு காரணம் இது: ஓய்வு இல்லாதவனுக்குப் பண்பட்ட வாழ்க்கை கிடையாது, ஓய்வைக் கொடுப்பது இயந்திரம். அவர் எட்டு மணி நேரம் என்றார். திருப்பூரில் இன்றைக்கும் ஒன்றரை ஷிப்ட்டுதான் ஓடுகிறது. பன்னிரண்டு மணி நேரம். மிச்சம் இருப்பது வேனுக்குள் மூன்று மணி நேரம். அதில் ஆடுகிறவனைப் பார்த்து வீணாய்ப்போனான் என்று சொல்கிறவர்கள், மீதி ஒன்பது மணி நேரத்தில் அவனுக்கு என்ன வைத்திருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும்.

எங்கள் வளவில் விளையாட ஒரு மைதானம் கிடையாது. புறம்போக்கு இருந்தது, அது வேலி போட்டாகிவிட்டது. நூலகம் ஊருக்குள் இருக்கிறது. அங்கே போக இன்னும் எங்கள் பிள்ளைகளின் கால் கூசுகிறது. செல்லு மட்டும்தான் வளவுக்குள்ளேயே இருக்கிறது.

ஆட்டத்தில் எங்கள் ஆட்கள் தேடுவதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு துண்டு நிலம், தானே வைத்துக்கொண்ட ஒரு பெயர், விழுந்தால் தூக்கிவிட ஒரு கை, யாரும் பேசாத பத்து நிமிடம். இதில் எது அதிகப்படி? எது பேராசை? விளையாட்டு என்று நினைத்து யாரும் இதைத் தள்ளிவிடாதீர்கள். மனு எழுதத் தெரியாத எங்கள் ஜனங்கள் தினம் ராத்திரி விரலால் எழுதுகிற மனு இது. படிக்க வேண்டியவர்கள் இன்னும் படிக்கவில்லை.